இதமகிதமும் தொழிலறமும்

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் உயிர்கள் இயற்றும் வினைகளை நம் சித்தாந்த சாத்திரங்கள் இதம், அகிதம் என இரண்டாக வகுத்துரைக்கும். உயிர்க்கு உறுதி பயப்பன செய்தல் இதமென்றும், அதற்கு மாறாயது அகிதமென்றும், அவ்விரண்டற்கும் உரிய இன்ப துன்பங்களை ஊட்டுவான் இறைவனே என்றும் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் விளக்கியருளினர். இஃது ஓதுதற்கு எளிது. துலைக்கோல் பிடிப்பானுக்கும், கணக்கெழுதுவானுக்கும், நோய் தீர்ப்பானுக்கும், பாடஞ் சொல்வானுக்கும் இவ்விலக்கணம் எவ்வாறு வந்து பொருந்துமென ஆராய்தல் அத்துணை எளிதன்று. அதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயது ஓர் அன்பரது வினா. அவர் எம்பால் சித்தியார் பாடங் கேட்டு வருபவர், எண்ணெய் வாணிகர், தம்மூர்க் கோயிலில் நாடோறும் பத்துத் திருவிளக்கு இட்டு வருபவர். அவருடைய கூட்டாளி, விலை குறைந்த எண்ணெயை உயர்ந்த எண்ணெயோடு கலந்து, உயர்ந்ததன் விலைக்கே விற்கத் தலைப்பட்டார். அன்பர் தடுத்தபோது, "மிகுதியாய் வரும் ஊதியத்தில் ஒரு பகுதி உங்கள் திருவிளக்குக்கே போகட்டும், சிவபுண்ணியத்தின் முன் இச்சிறு பிழை எம்மாத்திரம்?" என்றாராம். அன்பர் எம்மிடம் வந்து, "ஐயா, சிவனிடத்து அன்புடையார் செய்யின் தீவினையும் நல்வினையாம் என்று தாங்களே பாடஞ் சொன்னீர்கள். சண்டேசுர நாயனார் செயலையும் தக்கன் வேள்வியையும் எடுத்துக் காட்டினீர்கள். அங்ஙனமாயின் என் கூட்டாளி சொல்வதில் பிழை யாது?" என வினவினார். யாம் அன்று, "அது வேறு, இது வேறு" என்று மட்டுங் கூறி அனுப்பினேம். வேற்றுமை இன்னதென விளக்கினேமல்லேம். அவ்விடை பின்னர் எமக்கே விடையாகத் தோன்றவில்லை. ஆசிரியன் பொருள் விளக்காது விடுத்த செய்யுள், கேட்டவன் கையில் கேடு விளைக்கும் கருவியாகிவிடும். ஆதலின் அக்கடனை இக்கட்டுரையால் இறுக்கின்றாம்.

மேனாட்டார் கொள்கை மூன்று

செயலொன்று நன்றாவது எதனால் என்னும் வினாவிற்கு மேனாட்டுத் தத்துவ நூலார் கூறிய விடைகளுள் தலையாயன மூன்று.

முதலாவது, பயனால் என்பது. இங்கிலாந்து தேயத்து ஜெரிமி பெந்தாம் 1789-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எச்செயல் இன்பத்தை மிகுவித்துத் துன்பத்தைக் குறைக்குமோ அதுவே நற்செயல் என நிறுவினர். அவர் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல், இன்பங்களுள்ளும் உயர்வு தாழ்வு உண்டென்று காட்டி அக்கொள்கையைத் திருத்தினர்.

இரண்டாவது, கடமை உணர்வால் என்பது. ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் இதனை நிறுவிய நூல் 1785-இல் வெளிவந்தது. திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகள் பரிபூரணம் எய்தியதும் அவ்வாண்டே என்ப. காண்ட் அந்நூலில் ஒரு கடைக்காரனை எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றார். விலை அறியாத சிறுவன் வந்தாலும் அக்கடைக்காரன் மிகுதியாக வாங்குவதில்லை. ஆயின், நாணயமுடையான் என்னும் பெயரால் வாணிகம் வளரும் என்று கருதி அவன் அவ்வாறு ஒழுகுவானாயின், அச்செயல் கடமைக்கு இயைந்ததேயன்றிக் கடமை பற்றிச் செய்ததாகாது. அதற்கு அறத்தின் மதிப்பு இல்லை என்பது அவர் துணிபு.

மூன்றாவது, குணத்தால் என்பது. யவன தேயத்து அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322), நற்செயலைப் பலகாற் பயின்று பயின்று உள்ளத்தில் நிலைபெறுத்திய பண்பே அறத்தின் உறைவிடம் என்றனர். யாழ் பயில்வான் யாழ் வல்லனாதல் போல, நடுவுநிலை பயில்வான் நடுவுநிலையாளன் ஆவான் என்பது அவர் கருத்து.

இம்மூன்றனுள் ஒன்றேனும் முற்றும் பொய்யன்று. ஒன்றேனும் முற்றும் போதுவதும் அன்று. பயன் ஒன்றே அளவையாயின், பலர் நன்மைக்கென ஒருவனை வஞ்சித்தலும் அறமெனப்பட்டுவிடும். எம் அன்பரின் கூட்டாளி கூறியதும் இவ்வகைக் கணக்கே. கடமை உணர்வு ஒன்றே அமையுமாயின், அன்பு கனிந்து இயல்பாகச் செய்யுஞ் செயலின் சிறப்பு விளங்காது. குணம் ஒன்றே அமையுமாயின், அக்குணம் எதனை நோக்கியது என்னும் வினா எஞ்சி நிற்கும்.

சித்தாந்தத்தின் நிலை

நம் ஆசிரியர் கூறிய இதத்தின் இலக்கணத்தில் இம்மூன்றும் தத்தம் இடத்தில் அடங்கி நிற்றலைக் காண்க. உயிர்க்கு உறுதி என்றமையால் பயன் தழுவப்பட்டது. ஆயினும் உறுதி வேறு, இன்பம் வேறு. கைப்பு மருந்து இன்பமன்று, உறுதியாம். இனிய நஞ்சு இன்பமாயினும் உறுதியன்று. மனம், வாக்கு, காயம் என்றமையால் செய்வான் உள்ளமும் அளக்கப்படுதல் பெற்றாம். அவ்வாசிரியரே ஒழுக்கம், அன்பு, அருள், வாய்மை, அடக்கம் முதலியவற்றை அறங்களாக அடுக்கிக் கூறுதலின் குணமும் கொள்ளப்பட்டது. இவையனைத்திற்கும் வேராய் நிற்பது இறைவனிடத்து அன்பு.

அற்றேல், வேராகிய அன்பு ஒன்றே அமையும், கிளையாகிய பிற பிழைப்பினும் இழுக்கில்லை எனின், அற்றன்று. இறைவனுடைய அட்டமூர்த்தத்துள் ஆன்மாவும் ஒன்று. எண்ணெய் வாங்க வரும் ஏழையின் உயிரும் அவன் திருமேனியே. ஒரு திருமேனிக்கு விளக்கேற்றப் பிறிதொரு திருமேனியை வஞ்சித்தல் அன்பாமாறு எங்ஙனம்? மாட்டின் மடியைப் புண்படுத்திக் கறந்த பாலால் திருமஞ்சனம் ஆட்டுதல் போல்வதாம் அது.

இன்னுமொன்று. கூட்டாளி இதனைச் சிறு பிழை என்றார். உணவுப் பொருளிற் கலப்பு எத்துணைச் சிறிதென்பதைக் கலப்பவன் அறியான். 1998-ஆம் ஆண்டில் தில்லி நகரில் கடுகெண்ணெயோடு பிரமதண்டு விதையெண்ணெய் கலந்திருந்தமையால் உண்டார்க்கு உடல் வீங்கி நெஞ்சு தளர்ந்து, அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலந்தார் எவரும் கொலை கருதிக் கலந்தாரல்லர். சில காசு கருதினர். மனத்திற் கொலை இல்லையாயினும் காயத்தாற் செய்தது கொலையாய் முடிந்தது. மனம் ஒன்றனையே நோக்காது மூன்று கரணங்களையும் சாத்திரம் எண்ணியதன் நுட்பம் இதனால் விளங்கும்.

கலிய நாயனார் காட்டும் நெறி

எண்ணெய் வாணிகர்க்கு உரிய விடை எண்ணெய் வாணிகர் வரலாற்றிலேயே உளது. திருவொற்றியூரிற் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த கலிய நாயனார் பெருஞ்செல்வர். திருக்கோயிலின் உள்ளும் புறம்பும் அல்லும் பகலும் விளக்கிட்டு வந்தவர். செல்வம் முழுதும் அத்தொண்டிற் செலவாகி வறுமை வந்தபோது, தம் மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக்கொடுத்து, அதனால் வருங் கூலியைக் கொண்டு விளக்கிட்டார். அவர்கள் எண்ணெய் கொடாது நிறுத்தவே, செக்காடும் இடத்திற் கூலியாளாய் உழைத்து அக்கூலியைக் கொண்டு விளக்கிட்டார்.

ஈண்டு அன்பர்கள் சிறிது நின்று நோக்கல் வேண்டும். நாள் முழுதும் பிறர் எண்ணெய் அவர் கையிலேயே இருந்தது. மாலையில் ஏற்றவேண்டிய விளக்கோ எண்ணெயின்றிக் காத்திருந்தது. ஒரு குடத்தில் ஓர் ஆழாக்குக் குறையினும் அறிவார் யார்? சிவபெருமானுக்கன்றோ எனத் தம் உள்ளத்திற்கு ஓர் அமைதி கூறிக்கொள்ளவும் இடமிருந்தது. ஆயினும் சேக்கிழார் பெருமான் உரைத்த வரலாற்றில் நாயனார் கொண்டது கூலி ஒன்றே. கூலியும் அற்று, விற்கப் பொருளும் அற்று, விளக்கு நிற்கும் எல்லை வந்தபோதும் பிறர் பொருளின்மேல் அவர் கை நீண்டிலது. தம் கழுத்தின் குருதியையே நெய்யாக வார்க்கத் துணிந்தார். இறைவன் திருக்கரம் தடுத்தது.

ஆகவே, அன்பு தன்பாலுள்ளதைக் கொடுக்கும். வஞ்சம் பிறன்பாலுள்ளதைக் கொடுக்கும். இதுவே அன்று யாம் கூறாது விடுத்த வேற்றுமை. சண்டேசுர நாயனார் தந்தையின் தாளை எறிந்தது தமக்கோர் ஊதியம் கருதியன்று. தாம் இழத்தற்கரிய தந்தையையே இழந்தார். கூட்டாளி இழப்பது யாதுமில்லை, இழப்பவர் வாங்குவோர், மிகுந்த பகுதி எஞ்சுவதோ அவர் பெட்டியில்.

ஆசங்கையும் விடையும்

மூர்க்க நாயனார் சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்தனரே. கோட்புலி நாயனார் திருவமுதுக்கு வைத்த நெல்லை அழித்த சுற்றத்தாரை வாளுக்கிரையாக்கினரே. கலிய நாயனார்தாமும் மனைவியாரை விற்கத் துணிந்தனரே. இவற்றிற் பிறர்க்கும் இழப்பு நேர்ந்ததன்றோ எனின், இவ்வாசங்கை எளிதில் தள்ளத்தக்கதன்று.

திருக்கடவூர் உய்யவந்ததேவ நாயனார் திருக்களிற்றுப்படியாரில் சிவநெறிச் செயல்களை மெல்வினை, வல்வினை என இரண்டாக வகுத்தனர். மெல்வினையாவது சரியை, கிரியை முதலாக யாவரும் முறைப்படி பயிலத்தக்கது. வல்வினையாவது தம்மை முற்றும் மறந்தார்பால் தானே நிகழ்வது. மகவை அரிந்த சிறுத்தொண்டர் செயலும் தந்தை தாளை எறிந்த சண்டேசுரர் செயலும் அதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகுப்பே மேலை ஆசங்கைக்கு விடையாகும். மெல்வினை நமக்கு விதி. வல்வினை நம்மால் வணங்கப்படுவது, பின்பற்றுதற்கென விதிக்கப்பட்டதன்று. 'யாம் வல்வினை செய்கின்றாம்' என்று எண்ணுதற்கு ஒருவனுக்கு நினைவிருக்குமாயின், அவன் தன்னை மறந்திலன். அதனாலேயே அவன் செயல் வல்வினை அன்று. நாயன்மார் செயலை முன்னிறுத்தித் தன் ஊதியத்திற்கு அரண் தேடுவான், அவர்தம் அன்பினை விடுத்து அவர் கை வாளை மட்டும் இரவல் கேட்பவன் ஆவான்.

மற்று, தீவினை செய்து பின் நல்வினையால் அதனை ஈடுசெய்யலாமெனின், அதுவும் பொருந்தாது. நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் தனித்தனி நுகரப்படுவன. நூல்கள் கழுவாய் விதித்துள்ளன, மெய்யே. கழுவாய் செய்த பிழைக்கு இரங்குவானுக்கு உரியது. செய்யப்போகும் பிழைக்கு முன்விலை கொடுப்பானுக்கு உரியதன்று.

தொழில்தோறும் பொருந்துமாறு

இனி இம்முடிபு தொழில்தோறும் பொருந்துமாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

பிறர் பொருளைக் காப்பவர்க்கு அமர்நீதி நாயனார் வரலாறு உளது. பழையாறை வணிகராகிய அவர்பால் ஒப்புவிக்கப்பட்டது ஒரு கோவணம். அது காணாதொழிந்தபோது அவர் அதன் சந்தை விலையைக் கணக்கிட்டு வாளா இருந்திலர். தம் செல்வமனைத்தையும், ஈற்றில் மனைவி மைந்தரோடு தம்மையும் துலையில் ஏற்றினார். ஒப்புவித்த பொருள் சிறிதாயினும் ஒப்புவித்த நம்பிக்கை சிறிதன்று. பணக்களரியிற் பணிபுரிவாரும், அறநிலையங்களின் கணக்கரும் நாடோறும் நினைக்கத்தக்கது இது.

போட்டியிடை வாழ்வார்க்கு ஏனாதிநாத நாயனார் உளர். பகைவனாகிய அதிசூரன் நெற்றியில் வெண்ணீறு கண்டவுடன் அவர் போரை விடுத்தார். வாளையும் பலகையையும் எறிந்துவிட எண்ணியவர், படையில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாருமே என்று கருதி, பொருவார் போல அவற்றை ஏந்தி நின்றார். தன்னைக் கெடுப்பவனையும் பழி சாராமற் காக்கக் கருதும் இவ்வறத்தின் முன், பயன் கணக்கும் கடமைக் கணக்கும் வாயடைத்து நிற்கும்.

மருத்துவர், நோயாளி அறியாதவன் என்பதனை ஊதியத்திற்கு வாயிலாக்கின், அவர் காண்டின் கடைக்காரனினும் தாழ்ந்தவராவர். பாடஞ் சொல்வார், விளங்காத இடத்தை விளங்கியதுபோற் காட்டிக் கடந்து செல்லின், அதுவும் கலப்பே. எண்ணெயில் அன்று, அறிவில். இப்பிழைக்கு யாமும் உரியேம் என மேலே உரைத்தேம்.

ஈற்றில், கொடை ஏற்பார்க்கும் ஒரு சொல். திருக்கோயில்களும் திருமடங்களும் அன்பர்தம் பொருளால் நடப்பன. வரும் பொருளின் வழியை ஒவ்வொன்றாய்த் துருவியறிதல் இயலாது, வேண்டுவதும் அன்று. ஆயினும் வழி இழுக்குடைத்தென வெளிப்பட அறிந்த பின்னரும் வாங்கி, கொடுத்தானுக்கு மாலையும் பரிவட்டமும் அளிப்போமாயின், அவன் கூட்டாளி கூறிய சொல்லை யாமே மெய்ப்பித்தோம் ஆவேம். நாற்பாதங்களை ஊரார்க்கு உரைப்பவர் இதனைச் சிந்தித்தல் கடன்.

இக்கருத்துகளை அவ்வன்பரிடம் சென்ற திங்களில் விரித்துரைத்தேம். அவர் அமைந்து கேட்டார். கூட்டினின்று முன்னரே பிரிந்துவிட்டதாகவும், வருவாய் குறைந்தமையால் பத்து விளக்கு இப்போது மூன்றாயிற்றென்றும் கூறி, "இது குறையாகுமோ, ஐயா?" என்று வினவினார். யாம் பாடஞ் சொல்லுமுன்னரே அவர் விடை கண்டுவிட்டதை அறிந்து மகிழ்ந்து, "கலிய நாயனார் கூலியில் ஏற்றிய விளக்கை எண்ணிப் பார்த்தவர் யார்?" என்றேம்.

சிவம்.