பழைய சிஸ்டத்தில் எதை மாற்றுவது, எதை விடுவது?

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அண்ணன் 2014இல் வாங்கிப் போட்ட அதே சிஸ்டம்தான்: நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். "இதெல்லாம் தேறாது, மொத்தமா மாத்திடுங்க" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். சியும் பைத்தானும் பழகவும், பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கவும் இந்தப் பிராசசர் தாராளமாகப் போதும்.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. பிரவுசரில் வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று எண்களையும் ஐந்து நிமிடம் கவனி. சிபியு இருபதைத் தாண்டாமல் கிடக்க, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றால் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. மளிகை வாங்கப் போன பையன் வராமல் அடுப்படியில் சும்மா நிற்கிற சமையல்காரரின் நிலைதான் உன் பிராசசருக்கு.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. கேட்ட ஃபைல் இருக்கும் இடத்துக்கு ஹெட் நகர்ந்து, அந்த இடம் தனக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 மில்லி வினாடி. அப்படிப் பார்த்தால் வினாடிக்கு நூறு சில்லறை வேலைகள் முடிந்தாலே அதிகம். விண்டோஸ் பூட் ஆகும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லாததால் அதே ஒரு வினாடியில் பல்லாயிரம் வேலைகள் நடந்துவிடும். டப்பாவின் மேல் 550 எம்பி என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைவிட இந்த வித்தியாசத்தைத்தான் நீ தினமும் உணர்வாய்.

ராம் குறைவாக இருப்பதும் இதோடு சேர்ந்த கோளாறுதான். 4 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். ஏற்கெனவே திணறும் டிஸ்க் இன்னும் திணறும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

எஸ்எஸ்டி என்று கேட்டால் கடையில் குச்சி போன்ற என்விஎம்இயை எடுத்து நீட்டுவார்கள். எச்81 போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று குறிப்பிட்டுக் கேள். இந்தப் போர்டில் சாட்டா போர்ட்டுகள் எல்லாம் ஒரே வேகம் கிடையாது. இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை. மேனுவலைப் பார்த்து அதில் செருகு. ஓஎஸ் போடுவதற்கு முன்பே பயாஸில் ஏஎச்சிஐ என்று வைத்துவிடு. போட்ட பிறகு மாற்றினால் பூட் ஆகாமல் படுத்தும்.

ராம் வாங்கும்போது டிடிஆர்3 என்று உறுதி செய்துகொள். அதற்கு 240 பின், டிடிஆர்4க்கு 288. நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதே, அது வேறு ரகம். காலியாக இருக்கும் ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபியைப் போட்டால் இரண்டும் ஜோடியாக ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் திரைக்கான வேலையும் இதே ராமில்தான் நடப்பதால் அதற்கும் ஆதாயம். டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் பழைய சரக்காகத்தான் கிடைக்கிறது. வாங்கி வந்ததும் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும்.

தேதி அடிக்கடி பின்னால் போய்விடுகிறது, வெப்சைட்டெல்லாம் "பாதுகாப்பு இல்லை" என்கிறது என்று புலம்பினாயே, அது வைரஸ் இல்லை. போர்டில் வட்டமாக மின்னும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கேபினட், கீபோர்டு, மானிட்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஏடிஎக்ஸ் என்ற அளவு 1995இல் வந்தது. இன்றைய போர்டுகளும் அதே ஸ்க்ரூ ஓட்டைகளில்தான் உட்காருகின்றன. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். கேபினட்டோடு இலவசமாக வந்த, பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் இத்தனை வருடம் ஓடியதே பெரிது. உள்ளே கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். போகிற போக்கில் போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய சந்தையில் இதே சாக்கெட்டுக்கு ஐ7 கிடைக்கும், யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். எல்ஜிஏ 1150 முட்டுச்சந்து. அதற்கு மேல் போக வழி கிடையாது. உன் வகுப்பில் யாரிடமாவது ஏஎம்4 போர்டு இருந்தால் அவர்களுக்கு வேறு கணக்கு. 2017இல் வாங்கிய போர்டுகளில் பலவும் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசையை ஏற்கும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கழற்றிவிட்டால் அப்டேட் செய்யவே சிஸ்டம் ஓடாது.

இப்போது கடைக்காரரின் நியாயத்துக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உன் பிராசசரை முறைப்படி ஏற்காது. இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும் கேட்கிறது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், பாடுபட்டு எழுதிய பிராஜெக்ட் இருக்கும் சிஸ்டத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள். சியும் பைத்தானும் அங்கே வீட்டுப் பிள்ளைகள், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. கல்லூரியில் விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அப்போது கடைக்காரர் சொன்னதே சரி.

எதையும் கழற்றுவதற்கு முன் அண்ணனின் போட்டோக்களை வேறோர் இடத்தில் காப்பி எடுத்துவிடு. பழைய ஹார்டு டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டிக்கொள்ளலாம், ஆனால் எதற்கும் அது ஒரே பிரதியாக இருக்கக் கூடாது.

செலவுக் கணக்கில் ஒன்றை யோசி. எஸ்எஸ்டியும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் நாளை புதுப் போர்டு வாங்கினாலும் உன்னோடு வரும், டிடிஆர்3 ராம் வராது. முதல் இரண்டையும் தரமாக வாங்கு, ராமுக்குக் குறைவாகச் செலவழி. மூன்றும் சேர்ந்து புது சிஸ்டம் விலையில் பாதியைத் தொட்டால் வாங்காமல் திரும்பி வா. கடைக்குப் போகும் முன் போர்டின் மாடல் எண் தெரியும்படி இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா