விற்றால் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் பெட்ஸ்.காம், நாய், பூனைத் தீனியை இணையத்தில் விற்ற நிறுவனம். 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது. ஆர்டர் வராமல் இல்லை. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றது. கனமான தீனி மூட்டைகளை அனுப்பும் செலவிலும் கையைச் சுட்டுக்கொண்டது. விளம்பரத்துக்கும் காசை அள்ளி வீசியது. விற்க விற்க நஷ்டம்தான்!

வீட்டில் முறுக்கு சுட்டு இணையத்தில் விற்கும் நண்பர்களே, நமக்கும் இதே கணக்குதான். ஒரு பாக்கெட் 12 ரிங்கிட்னு வையுங்க. மாவு, எண்ணெய், கேஸ், டப்பாவுக்கு 8 போய்விடும். 'இலவச டெலிவரி'ன்னு சொல்லி அஞ்சலுக்கு 6 கொடுத்தால், பாக்கெட்டுக்கு 2 ரிங்கிட் நஷ்டம். நூறு ஆர்டர் வந்தா 200 போச்சு! உங்க உழைப்புக்கான கூலி இன்னும் கணக்கிலேயே வரல.

விளம்பரம் போடும் முன், ஒரு பாக்கெட்டின் முழுச் செலவையும் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் விலை வையுங்கள்.