வெந்நீர்க் கலமும் அதன் காவல்களும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அகன்ற இரும்புச் சட்டியை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஆவி தடையின்றி மேலெழுந்து செல்வதால், அடியில் தீ எத்துணை எரியினும் அச்சட்டி வெடிப்பதில்லை. இராஜபாளையத்து விடுதிகளில் வைக்கப்பெறும் பெரிய மின்சார வெந்நீர்க் கலமோ மூடிய பாத்திரமாகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கே அதற்குரிய பாதுகாப்பு விதிகளின் உட்பொருள் விளங்கும்.

முதலாவது, மின்கம்பி. 200 லிட்டர் நீரை 30 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 6 கிலோவாட் கலம் இதனை ஒன்றேகால் மணி நேரத்திற்குள் முடிக்கும். ஆயின் 230 வோல்ட்டில் அது 26 ஆம்பியர் கொள்ளும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் அதனை மாட்டலாகாது. தனிக் கம்பியும், தக்க எம்.சி.பி.யும், இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சும் இன்றியமையாதன.

இரண்டாவது, எர்த். கலத்தின் உலோக உடல் எர்த்துடன் இணைந்திருத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஈரக் கையோடு குழாயைத் திறக்கும் மாணவனின் உயிர் இவற்றையே நம்பியுள்ளது. 6 முதல் 200 லிட்டர் வரையுள்ள கலங்களுக்கு ஐ.எஸ். 2082 என்னும் இந்தியத் தர விதியும், எர்த் அமைப்பதற்கு ஐ.எஸ். 3043 என்பதும் உள்ளன.

மூன்றாவது, வெப்பக் காவல். தெர்மோஸ்டாட் பழுதுற்றால் மின்சாரத்தைத் தானே துண்டிக்க வேறொரு கட்-அவுட் இருத்தல் வேண்டும். இரண்டும் தவறின் யாது நிகழும்? வளிமண்டல அழுத்தத்தைப்போல் 7 மடங்கு அழுத்தத்தில் நீர் 165 பாகை வரை கொதியாது அடங்கியிருக்கும். கலம் பிளந்த கணமே அந்நீரில் ஒரு பகுதி ஆவியாகி, ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும்.

இதனைத் தடுப்பதே நான்காவது காவலாகிய அழுத்த வால்வு. மேற்கூறிய 200 லிட்டர் நீர் சூடாகும்போதே இரண்டரை லிட்டர் அளவு பெருகும். உள்வரும் குழாயில் நீரைத் திரும்பவிடாத வால்வு இருப்பின், அப்பெருக்கம் அழுத்த வால்வின் வழியே சொட்டும். விடுதியொன்றில் இச்சொட்டைப் பழுதெனக் கருதி, அக்குழாயின் வாயை மரமுளையால் அடைத்திருக்கக் கண்டு திடுக்கிட்டோம். சூடேறும்போது சொட்டுதல் வால்வின் கடமை. ஓயாது ஒழுகின் பழுது பார்க்கலாம். அடைத்தல் ஒருபோதும் ஆகாது.

உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வால்வை இறுகச் செய்யும். ஆதலின், உரிமம் பெற்ற மின்பணியாளரும் குழாய்ப்பணி அறிந்தவரும் இந்நான்கு காவல்களையும் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: நாளைக் காலை நீராடுமுன் அக்குழாயின் வாய் திறந்திருக்கிறதா என நோக்குதல்.