கே கோட்டோடு கொஞ்ச காலம்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. "கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் ஆதித்யா எல்-1 தரவு. எனக்கு மட்டும் கொடைக்கானலின் பழைய கால்சியம் படங்கள். இதில் ஆராய்ச்சி என்று சொல்ல என்ன இருக்கிறது, சார்?" என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதில் தப்பில்லை. புதிய கருவியிலிருந்துதான் புதிய அறிவு பிறக்கும் என்ற எண்ணம் ஆய்வு மாணவர்களிடம் வேரோடிக் கிடக்கிறது. அதை ஊட்டுபவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற மூத்தவர்கள்தான் என்பது எனக்குக் கோபம் தருகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் காலக் கணக்கைப் பார். ஆதித்யா விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டுகள். சூரியச் சுழற்சி ஒன்றுக்கு ஏறக்குறைய 11 ஆண்டுகள். அதாவது, அந்த அருமையான கருவிகள் ஒரு சுழற்சியில் பாதியைப் பார்க்கும். கூடுதல் ஆயுள் கிடைத்தால் நமக்கு அதிர்ஷ்டம். உன் கையில் இருப்பதோ 1904 முதல் 2007 வரையிலான கால்சியம் கே படங்கள், ஒன்பது சுழற்சிகளுக்கு மேல். 1915-ஆம் வருடச் சூரியனை இனி எந்த விண்கலமும் படம் எடுக்க முடியாது.

அடுத்தது காந்தப்புலம். சூரியக் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை வானியலாளர் ஹேல் 1908-இலேயே கண்டார். ஆனால் புள்ளிகளுக்கு வெளியே பரவிக் கிடக்கும் பலவீனமான புலத்தை அளக்க, 1950-களில் பாப்காக்குகளின் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு நமக்கு என்ன சாட்சி? கால்சியத்தின் நிறமாலைக் கோடான கே கோட்டில் எங்கே பிரகாசம் கூடுகிறதோ அங்கே பெரும்பாலும் காந்தப்புலம் இருக்கிறது. மவுண்ட் வில்சன், மியூடான், கொடைக்கானல் போன்ற சில இடங்களின் கண்ணாடித் தட்டுகள்தான் அந்தப் பழைய காந்தச் சூரியனைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் பெரிய ஆவணம். இதைப் 'பழைய படம்' என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அது கே கோடு. 393.4 நானோமீட்டரில் இருக்கும் அந்த ஒரே கோட்டை ஆழமாகத் தெரிந்துகொண்டவன் சூரியனிலிருந்து விண்மீன்களுக்கு நடந்தே போய்விடலாம் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. வைனு பாப்பு போன வழி அதுதான்.

சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்து ஹார்வர்டுக்குப் போன பாப்புவை உங்கள் தலைமுறை காவலூர்த் தொலைநோக்கியின் பெயராக மட்டும் அறிகிறது. மாணவராக இருந்த 1949-இல் ஒரு தட்டைச் சோதிக்கும்போது அவர் வால்மீன் கண்டுபிடித்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, முனைவர் பட்டம் முடித்த கையோடு கலிபோர்னியாவில் அவர் ஓலின் வில்சனுடன் செய்த வேலை. வில்சன் முன்பே சேர்த்துவைத்திருந்த நிறமாலைத் தட்டுகளும் அதில் இருந்தன. ஜி, கே, எம் வகை விண்மீன்களில் கே கோட்டின் அடிமட்டத்தில் எழும் அந்த மெல்லிய உமிழ்வின் அகலத்தைத் தட்டுதட்டாக அளந்தார்கள். கண்ணால் பார்த்து அளந்தார்கள், தம்பி.

கிடைத்தது என்ன? அகலத்தின் மடக்கையும் விண்மீனின் தனிப் பொலிவெண்ணும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. 15 பொலிவெண் வீச்சுக்கு, அதாவது ஒளிர்வு பத்து லட்சம் மடங்கு மாறும்வரை, அந்த நேர்கோடு நின்றது. இதில் விந்தையான விஷயம் ஒன்று உண்டு. உமிழ்வு பலமாக இருந்தாலும் மங்கலாக இருந்தாலும் அகலம் அதை ஏறக்குறைய சட்டைசெய்வதில்லை. ஒரு விண்மீன் எவ்வளவு துடிப்பாக இருக்கிறது என்பதைக் கோட்டின் பிரகாசம் சொல்கிறது. அது எவ்வளவு பெரியது என்பதை அகலம் சொல்கிறது. 1957-இல் வெளியான அந்தத் தொடர்பை இன்றும் வில்சன்–பாப்பு விளைவு என்கிறோம். அந்த அளவுகோலை நிலைநிறுத்த வில்சன் எதைப் பிடித்தார் தெரியுமா? ஹையடீஸ் விண்மீன் கொத்தின் பெருவிண்மீன்களையும், நம் சூரியனையும்.

கதை இத்தோடு முடியவில்லை. 1960-இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்த பாப்பு, விண்மீனில் கண்ட அகலத்தின் மூலத்தைச் சூரியனில் தேடினார். விண்மீன் நமக்கு ஒரு புள்ளி; அதன் முகத்தில் எந்த இடம் இந்த அகலத்தைத் தருகிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சூரியனில் வழியுண்டு. அவரும் சிவராமனும் 1971-இல் எழுதிய கட்டுரையில், நிறமண்டலத்தின் நுண்ணிய பிரகாசத் திட்டுகளே அந்த அகலத்துக்குப் பொறுப்பு என்று வாதிட்டார்கள். நீ படம் பார்க்கும் அதே ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை அது. இன்னும் படிக்கவில்லை என்றால் நாளைக்கே படி.

வில்சனும் சும்மா இருக்கவில்லை. சூரியனைப் போல மற்ற விண்மீன்களுக்கும் சுழற்சி உண்டா என்று கேட்டு, 1966-இல் அவற்றின் கால்சியம் உமிழ்வைத் திரும்பத் திரும்ப அளக்கத் தொடங்கினார். 91 விண்மீன்களின் முடிவுகளை அவர் வெளியிட்டது 1978-இல். மூன்று மாதத்தில் ஒரு கட்டுரை வராவிட்டால் வாழ்க்கை போச்சு என்று பதறும் உன் தோழர்களிடம் இந்த இரண்டு வருடங்களையும் சொல்.

உன் கடிதம் வந்ததும் நான் அலமாரியிலிருந்து எடுத்தது செசிலியா பெய்னின் 1925 ஆய்வேட்டை. அவரும் ஆய்வு மாணவிதான். ஹார்வர்டில் பிறர் எடுத்துவைத்த தட்டுகளோடு, நம் மேகநாத் சாகா 1920-இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தார். விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மலைமலையாகக் குவிந்திருக்கின்றன என்று விடை வந்தது. மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸல் அதை ஏற்கவில்லை. பெய்ன் அந்த எண்களை ஏட்டில் வைத்துக்கொண்டு, அவை உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுதினார். 1929-இல் ரஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். மூத்தவருக்குப் பணிந்து பெய்ன் தன் கருத்திலிருந்து பின்வாங்கியிருக்கலாம். ஆனால் அட்டவணையிலிருந்து எண்களை அழிக்கவில்லை. அந்த நேர்மையால்தான் இன்று நாம் அதை அவருடைய கண்டுபிடிப்பு என்கிறோம். உன் விளக்கத்தை யார் வேண்டுமானாலும் மறுக்கட்டும். அளவீட்டை மட்டும் யாருக்காகவும் மறைக்காதே.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கான படங்களை மொத்தமாக நிரலுக்குள் தள்ளி வரைபடம் எடுத்துவிடலாம் என்று யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு தட்டைக்கூடக் கண்ணால் பாராமல் இயந்திரக் கற்றலில் இறங்குபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. தட்டின் கருமை ஒளிச்செறிவுக்கு நேர்விகிதத்தில் இராது. ரசாயனப் பூச்சு காலத்தோடு மாறியிருக்கும். கருவியின் பிளவு, கோட்டின் மையத்திலிருந்து சற்று விலகினால், நிறமண்டலத்தோடு கீழிருக்கும் ஒளிமண்டலமும் கலந்து வந்து, பிரகாசப் பகுதிகள் மங்கும். படத்தின் வடதிசை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். இவை தெரியாதவன், தட்டு மாறியதைப் பார்த்துச் சூரியன் மாறிவிட்டது என்று கட்டுரை எழுதுவான். அந்தக் கட்டுரை அச்சிலும் வந்துவிடும்!

உன் நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. ஆதித்யாவின் சூட் கருவியில் 396.85 நானோமீட்டருக்கு ஒரு வடிகட்டி உண்டு. அது கே கோட்டின் இணையான எச் கோடு. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வேறு தொலைநோக்கிகளின் படங்களைப் பாலமாக வைத்து, உன் நூற்றாண்டையும் அவர்களுடைய நேற்றைய படத்தையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர ஆள் வேண்டும். கதிர்வீச்சுக் கடத்தலும் தெரிந்து, பழைய தட்டின் கோளாறுகளும் தெரிந்தவனால்தான் அது முடியும். உன் கைடு அந்த ஆளாக உன்னை வளர்க்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

அடுத்த கடிதத்தில் குறை வேண்டாம். வெவ்வேறு பத்தாண்டுகளிலிருந்து சில படங்களை எடு. பிரகாசப் பகுதிகளின் பரப்பை உன் கையால் வரைந்து அள. ஒரு வாரம் கழித்து, முதல் எண்களைப் பாராமல் மறுபடியும் அள. இரண்டு பட்டியலையும் அனுப்பு. எங்கே ஏன் வேறுபடுகின்றன என்று உனக்குத் தோன்றுவதையும் எழுது. அந்த வேறுபாடுதான் உன் பிழையின் அளவு. அது தெரிந்த பிறகு எந்தத் தரவைக் கொடுத்தாலும் உனக்குப் பயமிருக்காது.

அன்புடன்,
உன் ஆசிரியன்