ஒர்க்ஸ்டேஷன் வாங்கப் போகிறீர்களா?

கணக்கு, கட்டட வரைபடம், ஆய்வுத் தரவு என்று பிழை பொறுக்காத வேலை செய்பவர்கள் கவனத்துக்கு:

* டிடிஆர்4 இசிசி (பிழை திருத்தும்) ரேமில் 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் உண்டு. ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும். இரண்டு புரண்டால் எச்சரிக்கும்.

* பிராசஸர், மதர்போர்டு இரண்டும் இசிசியை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

* டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இருக்கும் பிழைதிருத்தம் முழு இசிசி ஆகாது. பிராசஸருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது பார்க்காது.

* பவர் சப்ளையில் '80 பிளஸ்' முத்திரை இருக்கட்டும். பாதிச் சுமையை ஒட்டித்தான் அது சிக்கனமாக ஓடும். தேவைக்கு மிஞ்சிய வாட்ஸ் வேண்டாம்.

* 100 வாட்ஸ் இழுக்கும் கம்ப்யூட்டர் 10 மணி நேரம் சும்மா ஓடினால் ஒரு யூனிட் வீண். எழுந்து போகும்போது ஸ்லீப்பில் போடுங்கள்.

இசிசி இருந்தாலும் பேக்கப்பை மறக்காதீர்கள்!