பழைய சமையற் கொட்டகையைச் சிக்கனமாகச் சீர்திருத்துதல்

கிராமங்களில் அநேக வீடுகளுக்குக் கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு சமையற் கொட்டகை உண்டு. அடுப்பு நெருப்பு வீட்டுக் கூரையைப் பற்றாதிருக்கவும், புகை வீட்டினுள் தங்காதிருக்கவும் முன்னோர் செய்த ஏற்பாடு அது. நாளடைவில் கால்களைக் கறையான் அரித்து, கீற்று மக்கி, சுவரடி கரைந்துவிடுகிறது. அப்போது அங்கத்தினர் சிலர் அதை அடியோடு பிரித்துப் புதிதாகக் கட்ட எண்ணிக் கடனுக்கு மனுச் செய்கின்றனர். பெரும்பாலும் அவ்வளவு செலவு அவசியமன்று. எதை மாற்றுவது, எதைப் பழுது பார்ப்பது, எதை விட்டுவைப்பது என்பதை முதலில் நிச்சயித்துக் கொள்ளவேண்டும்.

1. கால்கள்: பங்குனி, சித்திரை மாதங்களே இவ்வேலைக்கு ஏற்ற காலம். ஒவ்வொரு காலின் அடியையும் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு சாண் மட்டும் உளுத்திருந்தால் முழுக் காலையும் மாற்ற வேண்டுவதில்லை. உளுத்த பாகத்தை அறுத்து, வெட்டுவாயில் தார் பூசி, தரைக்கு மேல் நிற்கும் கருங்கல்லின்மேல் நிறுத்தலாம். அடி மண்ணில் பதியாததால், கால் அசையாதிருக்க மூலைகளில் சாய்வுக் கட்டைகள் கொடுத்தல் அவசியம்.

2. கூரை: சரிவு குறைந்த கூரையில் நீர் தங்கிக் கீற்று விரைவில் மக்கும். 8 அடி அகலமுள்ள கொட்டகைக்கு முகடு, இறவாரத்தைவிட 4 அடி உயர்ந்திருப்பது நலம். மக்கிய கீற்றை மட்டும் மாற்றி, கழித்ததை எருக்குழியில் இடலாம்.

3. தரை: மழைநீர் உட்புகாதிருக்கத் தரையை அரை அடி உயர்த்த வேண்டும். 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள கொட்டகைக்கு 48 கன அடி மண் தேவை. நீளம் 4 அடி, அகலம் 4 அடி, ஆழம் 3 அடியுள்ள ஓர் எருக்குழியை வெட்டினால் அம்மண் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஒரே உழைப்பில் இரண்டு பலன். குழி சமையலிடத்துக்கு எட்டி இருப்பதோடு, குழந்தைகள் விழாதபடி வேலியும் வேண்டும்.

4. அடுப்பு: சீர்திருத்தத்தில் தலையாயது இதுவே. நாள்தோறும் புகையைச் சுவாசிக்கும் ஸ்திரீகளுக்குக் கண்ணெரிச்சலும், இருமலும், நாட்பட்ட சுவாச நோயும் உண்டாகின்றன. இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் நுரையீரலில் சளி ஜுரம் காண ஏதுவாகிறது. புகைபோக்கியுள்ள அடுப்பைப் பற்றி ஹைதராபாத் எஞ்சினீயர் எஸ். பி. ராஜு 1953-ம் வருஷத்தில் ஒரு நூலே வெளியிட்டார். அதன் தத்துவம் எளிது. சூடான புகை இலேசாகிக் குழாய் வழியே மேலெழும். அதன் இடத்துக்கு விறகு வாயிலிருந்து புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும்.

பழக்கமான கோடி அடுப்பையே இதற்கு ஏற்றவாறு மாற்றிக் கொள்ளலாம். களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து சில நாள் புளிக்கவைத்தால் வெடிப்புக் குறையும். பானை அடுப்பு வாயில் இடைவெளியின்றி அமர வேண்டுமாதலால் குமிழ்களை நீக்கிவிட வேண்டும். கோடியடுப்பின் பின்னிருந்து குயவர் செய்த சுட்ட மண் குழாய்களை அடுக்கி, கூரைக்கு மேல் உயர்த்த வேண்டும். குழாயைச் சுற்றிலும் கீற்றை விலக்கித் தகரம் பொருத்துதல் கட்டாயம். இதில் அசிரத்தை செய்தால் கொட்டகையே தீக்கிரையாகும். கரியை மாதம் ஒரு முறையாவது தட்டி எடுக்காவிடில் புகை மீண்டும் உள்ளேயே திரும்பும். ஈர விறகு தன் சூட்டை நீரை ஆவியாக்குவதிலேயே செலவழித்துப் புகையை மிகுவிக்கும். ஆகையால் விறகைப் பரணில் உலர்த்தி வைக்க வேண்டும்.

5. செலவு: மண், சாணம், உமி, வீட்டார் உழைப்பு ஆகியவற்றுக்குக் காசு வேண்டாம். காசு வேண்டுவன கீற்று, குழாய், தகரம், தார், சுண்ணாம்பு, தச்சர் கூலி மட்டுமே. இவற்றைத் தனியே எழுதிக் கூட்டிப் பார்த்த பின்பே கடனைப் பற்றி யோசிக்கலாம். உழவு மாட்டுக்கோ எருவுக்கோ வாங்கிய கடன் விளைச்சலில் திரும்பும். கொட்டகைக்கு வாங்கிய கடன் அவ்வாறு திரும்பாது. ஆதலால் அடுத்த அறுவடையில் தீர்க்கக்கூடிய தொகைக்குமேல் வாங்குதல் தகாது. பணம் போதாவிடில் இவ்வருஷம் அடுப்பும் கால்களும், வரும் வருஷம் கூரையும் தரையும் என்று பிரித்துக் கொள்ளலாம்.

பத்து அங்கத்தினர் சேர்ந்து குழாய்களுக்குக் குயவரிடம் ஒரே தடவையில் சொல்லிவைத்தால் விலை சகாயமாகும். குயவருக்கும் நிச்சயமான வேலை கிடைக்கும். பஞ்சாயத்தார் அடுத்த கூட்டத்திலேயே தேவைப்படுவோர் ஜாபிதாவைத் தயாரிப்பார்களாயின், மழைக்கு முன் வேலை முடிவுறும்.