தெய்வத்தைக் குளிர்விக்கும் ஆட்டம்

அன்புள்ள மருமகளுக்கு,

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்காக நீ எழுதிவரும் அயர்லாந்துக் கதையுலகத்தை முழுக்கப் படித்தேன். பான்ஷீ என்ற பெண்ணாவி ஓலமிடுகிறாள், மேட்டுக்குள்ளே தேவர்குடி வாழ்கிறது, எல்லாம் அழகு. ஆனால் உன் வீரர்கள் எதற்கும் கட்டுப்படவில்லை. வாளை எடுக்கிறார்கள், வெல்கிறார்கள், பொன்னை அள்ளுகிறார்கள்.

அந்தக் கதைகளுக்கு உயிரே 'கெஷ்' என்ற தடைதான். குஹுலின் என்ற வீரன் நாயிறைச்சி தின்னக்கூடாது. அடுப்பு மூட்டிச் சமைப்பவர் அழைத்தால் உண்ணாமல் கடந்து போகவும் கூடாது. கடைசிப் போருக்குப் போகும் வழியில் மூன்று கிழவிகள் நாயைச் சுட்டுக்கொண்டு அவனை அழைக்கிறார்கள். எதைச் செய்தாலும் ஒரு தடை உடையும். தின்கிறான், இறைச்சியைப் பிடித்த கை வலுவிழக்கிறது. உன் வீரர்களுக்கும் தொடக்கத்திலேயே இரண்டிரண்டு தடை கொடு. அவை எங்கே மோதும் என்பதை ஆட்டம் நடத்துகிற நீ பார்த்துக்கொள்.

இப்படிக் கட்டுண்ட உலகம் நம் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் இருக்கிறது. கொம்புமுறி விளையாட்டைத்தான் சொல்கிறேன். கண்ணகியும் கோவலனும் பூப்பறிக்கும்போது கொக்கத்தடிகள் சிக்கிக்கொண்டதில் தொடங்கியது என்பது கதை. வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். இழுப்பவர்கள் இரண்டு சேரி: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். பக்கம் பரம்பரையாக வருவது. பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. உன் ஆட்டத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு சேரியாரை வை. கொம்பு முறிக்கும் நாள் காலை அந்த வீட்டில் யார் யாருக்குச் சோறு போடுவார்கள் என்று யோசி, கதை தானாக ஓடும்.

அங்கே எதிராளி கெட்டவன் இல்லை என்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் கண்ணகி அம்மனின் கோபம் தணியவேண்டும். அதற்கு இரண்டு சேரியும் வேண்டும். அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கிலும் அப்படித்தான். கண்ணகி வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்த சினத்தைப் பாட்டால் ஆற்றுவது எவ்வளவு பெரிய காரியம்! உன் கடைசிக் கட்டத்தில் பூதத்தைக் கொல்லவேண்டாம், ஒரு தெய்வத்தைக் குளிர்விக்கச் சொல்.

நம் வாவியின் பாடும் மீனையும் சேர்த்துக்கொள். பெல்பாஸ்ட்டில் பிறந்த எமர்சன் டென்னன்ட் 1848இல் இரவில் படகேறி அந்த ஒலியைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எழுதினார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாம். பாடுவது மீனல்ல, ஊரி என்ற சிறு சங்கு என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். விபுலானந்த அடிகளோ 1947இல் வந்த யாழ் நூலில் நீரரமகளிரைப் பாடவைத்தார். உன் ஆட்டத்தில் துப்பு வேண்டுமானால் தோணியை நிறுத்தி, துடுப்பை உள்ளே வைத்துவிட்டு, மரத்தில் காதை வைக்கவேண்டும். பேசினால் துப்பு போய்விடும்.

வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'த்தை நூலகத்தில் எடுத்துப் படி. அதற்கு முன் அம்மம்மாவிடம் நம் குடும்பம் எந்தச் சேரி என்று கேட்டு எழுது. எனக்கான பாத்திரத்தை எதிர்ச்சேரியில் வை.

அன்புடன்,
மாமா